மைக்செட் மாமாவின் கண்ணாடி மூடி

நல்லேப்பிள்ளிப் பக்கம் எழுபது எண்பதுகளில் ஒரு கல்யாணம் என்றால், பந்தக்கால் நடுவதற்கு முன்பே தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் சாலையை ஒட்டிய ஊர் அது. மாவட்டம் பாலக்காடு, மாநிலம் கேரளம். ஆனால் பல வீடுகளில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும் கலந்த பேச்சு. ஆகவே மைக்செட் வைத்திருப்பவர் இரண்டு மொழித் தட்டுகளோடும் வரவேண்டும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, நடுவில் ‘செம்மீன்’ பாட்டுகளைப் போட்டு, சாப்பாட்டுப் பந்தியின்போது ‘திருவிளையாடல்’ கதைவசனத் தட்டைச் சுழலவிட்டால்தான் சம்பந்திகள் இரு தரப்புக்கும் திருப்தி. இதில் கைதேர்ந்தவர் என்று ஊர் ஒப்புக்கொண்ட ஒருவர் இருந்தார். ஊருக்கே அவர் மைக்செட் மாமா. அவருடைய தங்கை மகனுக்குச் சொந்த மாமாவும்கூட. இங்கே சொல்லப்போவதெல்லாம் அந்த மருமகனின் நினைவில் தங்கியவை.

மாமாவிடம் இருந்தது இங்கிலாந்தில் செய்த கேரார்டு பிளேயர். இயந்திரம் மட்டும்தான் அங்கிருந்து வந்தது. அது உட்கார்ந்திருந்த தேக்குப் பெட்டி உள்ளூர் ஆசாரியின் கைவேலை. மேல்மூடி, கோயம்புத்தூரில் பெயர்ப்பலகை செய்யும் ஒரு கடையில் அக்ரிலிக் ஷீட்டை அறுத்து ஒட்டி வாங்கியது. அந்தக் கடைகளில் அக்ரிலிக்கை ஒட்டக் கோந்து எதுவும் தடவுவதில்லை. இரண்டு விளிம்பையும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிஞ்சில் குளோரோஃபார்ம் எடுத்து இடுக்கில் ஒரு கோடாக விடுவார்கள். குளோரோஃபார்ம் அக்ரிலிக்கைக் கரைக்கும். கரைந்த இரு விளிம்பும் ஒன்றோடொன்று கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். மாமாவின் மூடிக்கு ஐந்து பலகை, மூலைக்கு மூலை இதே வேலை. வாசகர் இந்த ஒட்டுமுறையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த சிக்கலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

அந்த ஊரில் மூடி இல்லாமல் பிளேயர் வைத்திருக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்கும் மேலான அகலத்துக்கு வழிவிட்டு விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது நல்லேப்பிள்ளி. ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் காற்று தடையில்லாமல் பாய்கிற இடம். கேரளத்தின் மற்ற பகுதிகளில் காணக் கிடைக்காத கரிசல் மண் சித்தூர்த் தாலுகாவில் உண்டு. கோடையில் அந்தக் கரிசலும் சாலைப் புழுதியும் சேர்ந்து எழும்பும். புழுதியில் இருக்கும் மணல் துகளின் கடினம் மோஸ் அளவில் 7. கண்ணாடி ஐந்தரைக்குப் பக்கத்தில் நிற்கும். அக்ரிலிக்கோ மூன்று அளவில்தான். புழுதி படிந்த மூடியை உலர்ந்த துணியால் ஒருமுறை இழுத்தாலே போதும், மணல் தன் வேலையைக் காட்டிவிடும். போதாததற்கு, உலர்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்க அக்ரிலிக்கில் நிலைமின்னேற்றம் ஏறும். அது சுற்றியுள்ள தூசியை மேலும் இழுக்கும்.

“மொதல்ல தண்ணி, அப்புறந்தான் துணி” என்பது மாமாவின் சட்டம். மூடியைக் கழற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார். புழுதி தானாக வழிந்து போனபிறகுதான் பழைய பருத்தி வேட்டித் துண்டைச் சோப்பு நீரில் நனைத்துத் தொடுவார். பாத்திரம் விளக்கும் தூள் அதன் பக்கத்தில் வரக்கூடாது. கண்ணாடி அலமாரியைத் துடைப்பதற்கு எல்லோரும் எடுக்கிற செய்தித்தாளும் கூடாது.

பிறகு கேசட் வந்தது. அதன் பின்னால் சிடி வந்தது. பிளேயர் பரணுக்குப் போயிற்று.

2003 கோடையில் மாமாவின் மகன் புது வீடு கட்டிக் குடிபோகத் தயாரானபோது, அந்தப் பெட்டி கூடத்தில் இருக்கவேண்டும் என்று பிள்ளைகள் எல்லோரும் பிடிவாதமாகச் சொன்னார்கள். பரணிலிருந்து இறக்கினார்கள். முதலில் பெட்டி செய்த ஆசாரியின் மகன்தான் அதை மறுபடி மெருகேற்ற வந்தார். பக்கங்களுக்குப் பிரெஞ்சு பாலிஷ். முதுகுப் பலகை சுவரைப் பார்த்து நிற்கப்போவதால் அதற்குத் தகரடப்பாவில் வரும் சாதாரண வார்னிஷ். வேலை திண்ணையில் நடந்தது. மூடி பக்கத்திலேயே சாத்தி வைக்கப்பட்டிருந்தது. காற்று, வீட்டில் ஓடி விளையாடிய பிள்ளைகள், கவிழ்ந்த ஒரு கிண்ணம் எல்லாம் சேர்ந்து மூடியின் மேல்பரப்பில் பாலிஷ் தெறித்து, ஒரு பக்கம் வழிந்து, அப்படியே காய்ந்தும் போயிற்று. வீடு கட்டும் அமளியில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மாமா அப்போது ஊரில் இல்லை. கண்புரை அறுவைக்காகக் கோயம்புத்தூர் அரவிந்த் மருத்துவமனையில் இருந்தார். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதி மக்களுக்குக் கண் என்றால் கோவைதான். அங்கே 1997-இல் அந்த மருத்துவமனை தொடங்கியபிறகு இந்தப் பக்கத்திலிருந்து போய் வந்த முதியவர்கள் ஏராளம். மாமா திரும்பி வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தபோது, மற்றவர் கண்ணுக்குப் படாமலிருந்த கறை அவர் கண்ணுக்குத்தான் முதலில் பட்டது. மூடியின் மேல் பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாகவும், வலது ஓரத்தில் கீழ்நோக்கி வழிந்து நின்ற கோடாகவும்.

“இது யார்ரா பண்ணுனது?” என்று அவர் கேட்கவில்லை. “மூடிய யாரும் தொடாதீங்க” என்றுதான் சொன்னார். குனியக்கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மருமகன் கைகள், மாமா வாய் என்று வேலை தொடங்கியது.

ஆசாரிதான் முதலில் ஸ்பிரிட் பாட்டிலோடு வந்தார். அவர் தொழிலில் அது சரியான யோசனையும்கூட. பிரெஞ்சு பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. காய்ந்தபிறகும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும். மரத்தில் தவறு நேர்ந்தால் அவர்கள் அப்படித்தான் திருத்துவார்கள்.

“வேண்டாம் ஆசாரி. ஸ்பிரிட்டு மரத்துக்கு மருந்து, இதுக்கு வெசம்” என்றார் மாமா.

“கொஞ்சமா பஞ்சுல தொட்டுத் தொடச்சாலுங்களா மாமா?” என்று மருமகன் கேட்டான்.

மாமா பதில் சொல்லவில்லை. பழைய சாமான் பெட்டியிலிருந்து விரலகலத்தில் ஒரு அக்ரிலிக் துண்டை எடுத்துவரச் சொன்னார். மூடி செய்தபோது கோவைக் கடைக்காரர் கொடுத்த வெட்டுத்துண்டு. அதை லேசாக வில்லாக வளைத்து, ஆசாரியின் கிளாம்பில் இரண்டு முனையையும் இறுக்கச் சொன்னார். வளைவின் முதுகில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடச் சொன்னார். மூவரும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஒன்றும் இல்லை. சிறிது நேரத்தில் துண்டுக்குள் குறுக்காக ஒரு மயிரிழை மின்னியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு நேராகப் பார்த்தால் தெரியாத, சாய்த்துப் பார்த்தால் வெள்ளியாகப் பளிச்சிடும் கீறல்கள் ஈர்க்குச்சிகளை அடுக்கியது போல வரிசையாக எழும்பின. மேலே விரலை ஓட்டினால் வழவழப்பு மாறவில்லை. விரிசல் உள்ளே விழுந்திருந்தது.

ஆசாரி பாட்டிலை மூடினார்.

அக்ரிலிக்கின் குணமே இதுதான். மிக நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் உண்டான பொருள் அது. அறுத்த விளிம்பிலும், வளைத்த இடத்திலும், கரைத்து ஒட்டிய மூலையிலும் அந்தப் பின்னல் இழுபட்டு விறைப்பாகவே நிற்கும். வெளியே தெரியாது. ஸ்பிரிட், அசிட்டோன், தின்னர் வகைத் திரவங்கள் அந்த இடங்களில் பட்டால் பின்னலுக்குள் புகுந்து பிடியைத் தளர்த்தும். விறைப்பு தன் பாட்டுக்கு இழுக்கும். நுண்ணிய விரிசல்கள் பிறக்கும். அசிட்டோனும் தின்னரும் இன்னும் ஒருபடி மேலே போய்ப் பரப்பையே கரைத்துப் புகையடித்தாற்போல் ஆக்கிவிடும். கண்ணாடி துடைக்கும் திரவங்களில் பலவற்றில் அம்மோனியாவும் ஆல்கஹாலும் இருப்பதால் அவையும் நாளடைவில் கேடு செய்யும். மாமாவின் மூடியில் வழிந்த கோடு நின்றது சரியாக ஓர் ஒட்டுமூலைக்கு மேலே. ஸ்பிரிட் பஞ்சு முதலில் தொட்டிருக்கக்கூடிய இடம் அதுதான்.

இனி என்ன செய்வது? மாமா இங்கேதான் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். கறையை எப்படி எடுப்பது என்று யோசிப்பதற்கு முன், கறை என்ன என்று தெரிந்தாகவேண்டும் என்றார். தெரிந்துகொள்ள மூடியைத் தொடவேண்டியதில்லை, அதே டப்பாவிலிருந்து அதே நாளில் பூசிய மரம் பக்கத்தில் இருக்கிறதே. பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் பிரெஞ்சு பாலிஷ் பட்ட ஓரிடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டார்கள். பிசுபிசுத்தது. முதுகுப் பலகையில் ஒரு சொட்டு. அங்கே எதுவும் நடக்கவில்லை. இரண்டும் இரண்டு பொருள் என்று உறுதியாயிற்று. மூடியில் பொட்டுகளும் வழிசலும் அரக்கின் செம்பழுப்பு. ஒரு மூலையில் மட்டும் மஞ்சளாக, கெட்டியாக, பளபளப்பாக நின்ற ஒற்றைச் சொட்டு முதுகுப் பலகையின் வார்னிஷ்.

சந்தேகத்துக்குரிய திரவத்தை மரத்தில் சோதிப்பது என்ற இந்த யோசனை அருமையானது. பளிங்காக இருக்கவேண்டிய பொருளில் சோதனை செய்யாமல், சோதனையைத் தாங்கக்கூடிய பொருளில் செய்து முடிவெடுப்பது. பொறியியல் படித்துக்கொண்டிருந்த மருமகனுக்குத் தன் வகுப்பறையில் கேட்டதைவிட அன்றைக்குத் திண்ணையில் பார்த்தது ஆழமாகப் பதிந்தது.

மாமாவுக்கு அரக்கின் மேல் இவ்வளவு கவனம் இருந்ததற்குக் காரணம் அவர் தட்டுகள். வினைல் எல்.பி. வருவதற்கு முன் உலகமெங்கும் சுழன்ற 78 சுற்றுத் தட்டுகள் அரக்கால் ஆனவை. அரக்கைப் பிணைப்பாக வைத்துக் கல்பொடியும் பஞ்சிழையும் கரியும் சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்த பண்டம். அமெரிக்காவில் எல்.பி. 1948-இல் வந்துவிட்டாலும், இந்தியாவில் அறுபதுகளில்கூட 78 தட்டுகள் வந்துகொண்டிருந்தன. மாமாவின் டிரங்குப் பெட்டியில் அவை அடுக்கடுக்காக இருந்தன. அவற்றை யாராவது ஸ்பிரிட்டால் துடைத்தால் பாட்டு அதோடு போயிற்று, ஏனென்றால் ஊசி ஓடும் வரியே கரைந்துவிடும். எல்.பி.யைத் துடைத்துப் பழகியவர்கள் 78-ஐயும் அப்படியே துடைத்துப் பாழாக்கியதை அவர் தொழிலில் பார்த்திருந்தார்.

அரக்கு நம் நாட்டுப் பொருள். புரசு, இலந்தை, குசும் மரங்களின் கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. இன்றைக்கும் இந்தியாவில் அதிகம் விளைவது ஜார்க்கண்டில். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்குமில் இதற்கென்றே 1924-இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் இந்தியாவிலிருந்து கப்பல்கள் போவது கடினமானதும், அமெரிக்க அரசு 1942 ஏப்ரலில் இசைத்தட்டுகளுக்குத் தரும் அரக்கை எழுபது சதவீதம் வெட்டியது. ஜார்க்கண்டுக் காட்டுப் பூச்சியை நம்பி நியூயார்க்கில் பாட்டு வெளிவந்த காலம் ஒன்று இருந்தது.

அரக்கைக் கரைக்க ஸ்பிரிட்டை விட்டால் வேறு வழி உண்டா என்பதுதான் இப்போது கேள்வி. பதில் வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். மாமாவின் கண்ணைப் பார்க்க வந்தவர் மூடியையும் பார்த்தார். வரைபடங்களுக்குப் பயன்படும் நீரில் அழியாத கறுப்பு மையில் அரக்குதான் பிணைப்பு, ஆனால் அந்த மையில் ஸ்பிரிட் கிடையாது, தண்ணீரில் வெங்காரம் போட்டு அரக்கைக் கரைக்கிறார்கள் என்று அவர் சொன்னார். தோல் பொருட்களுக்கு மெருகு தயாரிப்பவர்களும் அதே முறையைக் கையாள்வதுண்டு. அரக்கு அமிலத்தன்மை கொண்டது. காரநீரில் ஊறினால் அது நீரில் கரையும் உப்பாக மாறும். அக்ரிலிக்கோ மென்மையான காரத்தைச் சட்டைசெய்வதே இல்லை.

வெங்காரம் தேட வேண்டியதே இல்லை. தட்டார் பொடிவைத்து ஊதுகிற அதே வெங்காரம்தான். சித்தூர் அங்காடி மருந்துக் கடையில் பொன்காரம் என்று கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். மருமகன் சைக்கிளில் போய் வாங்கிவந்தான்.

முதலில் கிணற்றடியில் கழுவல். பிறகு மூடியைத் தடித்த ஜமுக்காளத்தின் மேல் கவிழாமல் வைத்தார்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வெங்காரம், முழுவதும் கரையும்வரை கலக்கு என்றார் மாமா. கரையாத பரல் ஒன்று நின்றாலும் அது கீறும் என்பதால் துணியில் வடிகட்டவும் சொன்னார். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகக்கூடாது. அக்ரிலிக் நூறு டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும், அதனால் கொதிநீரும் கூடாது, முடி உலர்த்தும் கருவியும் கூடாது. பழைய வேட்டியில் சதுரம் சதுரமாகக் கிழித்து, அந்த நீரில் நனைத்து, கறைக்கு மேல் மட்டும் பரப்பினார்கள். காற்று உலர்த்திவிடாமல் அதன்மேல் பால் கவரை விரித்து மூடினார்கள். தேய்க்கக்கூடாது. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவும் கூடாது.

இளம் கைகளுக்கு இதுதான் கடினமான பகுதி. மருமகன் பொறுக்கமாட்டாமல் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோதெல்லாம் மாமா, “மாப்ள, ஊறட்டும் விடு” என்றார்.

காத்திருந்த நேரத்தில்தான் டிராயிங் மாஸ்டர் மாமாவின் கண்ணுக்குள் வைத்த லென்ஸைப் பற்றிப் பேச்செடுத்தார். அதன் விவரம் முழுவதும் மருமகனுக்குப் பிற்காலத்தில் படித்துத்தான் தெரியவந்தது. அக்ரிலிக்கை ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் நிறுவனம் 1933-இல் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. அதையே பெர்ஸ்பெக்ஸ் என்று விற்றது. கண்ணாடியின் பாதி எடைகூட இல்லை, ஒளியில் 92 சதவீதத்தை உள்ளே விடும். போர் விமானங்களின் மேற்கூண்டு அதனால் செய்யப்பட்டது. குண்டு பட்டுக் கூண்டு சிதறி, அக்ரிலிக் சில்லுகள் கண்ணில் தைத்த விமானிகளுக்குச் சிகிச்சையளித்தவர்களில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் மருத்துவரும் ஒருவர். அந்தச் சில்லுகள் கண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்தும் புண் உண்டாக்கவில்லை என்பதை அவர் கவனித்தார். கண்புரையை எடுத்துவிட்ட கண்ணுக்கு அதே பொருளில் லென்ஸ் செய்து வைத்தால் என்ன என்று யோசித்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் லென்ஸைப் பொருத்தினார். சக மருத்துவர்கள் பலர் அவரை நெடுங்காலம் கடுமையாக எதிர்த்தார்கள். 2000-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, அப்படிப்பட்ட லென்ஸ் இந்திய ஏழைகளுக்கு எட்டாத பொருள். வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. 1992-இல் அரவிந்தின் ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கிப் பத்து டாலர் அளவுக்கு அந்த விலையை இறக்கியது. புரை எடுத்தபின் சோடாபுட்டிக் கண்ணாடியோடு தடவி நடந்த ஒரு தலைமுறைக்குப் பிறகு, மாமாவின் தலைமுறை கண்ணுக்குள்ளேயே லென்ஸோடு வீடு திரும்பியது இதனால்தான். அவர் கண்ணுக்குள் போனதும் அந்த மூடியின் இனத்தைச் சேர்ந்த பொருளே. மாஸ்டர் இதைச் சொன்னபோது மாமா நெடுநேரம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப இத இன்னும் பதனமாப் பாத்துக்கோணும்” என்றார்.

துணியைத் தூக்கியபோது அடியில் கசிந்திருந்த நீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அரக்கில் இயல்பாக உள்ள ஒரு சாயம் காரத்தில் இந்த நிறத்துக்கு மாறும். கறை அரக்குதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். மெல்லிய பொட்டுகள் துணியோடு வந்துவிட்டன. தடித்த வழிசல் மேல்தோல் மட்டும் இளகிக் கூழாகியிருந்தது. அதைக் கழுவிவிட்டு, புதிதாக நனைத்த துணியை வைத்து, மறுபடி மூடினார்கள். ஒவ்வொரு ஊறலுக்கும் ஓர் அடுக்கு போயிற்று. பழைய அரக்கு, காலம் போகப் போகக் கரையும் குணத்தை இழந்துகொண்டே வரும். இது வாரக்கணக்கில் மட்டுமே பழசானது என்பதால் வழிவிட்டது. இதே கறை பத்து வருடம் கிடந்திருந்தால் வெங்காரம் இவ்வளவு எளிதாக வென்றிருக்காது.

மூலையில் நின்ற வார்னிஷ் சொட்டு வெங்காரத்துக்கு அசையவில்லை. எண்ணெய் வகை வார்னிஷ் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு இறுகுவது. இறுகியபின் எந்த மென்மையான திரவத்திலும் கரையாது. அதைக் கரைக்கக்கூடியவை அக்ரிலிக்கையும் கரைக்கும். ஆனால் மாமா ஒன்றைக் கவனித்திருந்தார். மரத்தில் வார்னிஷ் துவாரங்களுக்குள் இறங்கி வேர்பிடிக்கிறது. வழவழப்பான அக்ரிலிக்கில் அதற்குப் பிடிக்க இடமில்லை, மேலே உட்கார்ந்துதான் இருக்கிறது. ஆகவே கரைக்க வேண்டாம், கிளப்பினால் போதும்.

மண்ணெண்ணெய் அக்ரிலிக்குக்குத் தீங்கு செய்யாத சில எண்ணெய்களில் ஒன்று. அடுப்பு இல்லாத முற்றத்தில் வைத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைச் சொட்டின் மேல் வைத்தார்கள். அது சொட்டைக் கரைக்கவில்லை, ஆனால் விளிம்பில் புகுந்து லேசாகத் தளர்த்தியது. பிளேடு, கத்தி, உளி, ஸ்டீல் நார் எதுவும் கூடாது. ஐஸ்கிரீம் டப்பா மூடியிலிருந்து வெட்டிய பட்டை ஒன்றை மருமகன் எடுத்தான். அந்தப் பிளாஸ்டிக் அக்ரிலிக்கைவிட மென்மையானது. பரப்போடு கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் பிடித்து, வழுக்கலுக்குச் சோப்பு நீர் விட்டு, ஒரே திசையில் தள்ளினான். பட்டையின் முனை மழுங்க மழுங்கப் புது முனை வெட்டிக்கொண்டான். எதிர்பாராத ஒரு தள்ளலில் சொட்டு முழுதாகப் பெயர்ந்து தெறித்து விழுந்தது. அது இருந்த இடத்தில் மங்கலாக ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

அந்த வட்டத்தையும் பரணில் கிடந்தபோது விழுந்திருந்த ஒன்றிரண்டு கீறல்களையும் எடுக்க மாமா அனுமதித்தது மூலையில் மட்டும். லேத் பட்டறைகளிலும் கார் பெயிண்ட் கடைகளிலும் கிடைக்கும் வாட்டர் பேப்பரில் 1500, பிறகு 2000. நிறையத் தண்ணீர் விட்டு, விரல் அழுத்தம் தெரியாத அளவுக்கு. ஒரு தாளுக்கு நெடுக்காகத் தேய்த்தால் அடுத்ததற்குக் குறுக்காக. முதல் தாளின் கோடுகள் முழுதும் மறைந்ததா என்று இதனால் தெரியும். அந்த நிலையில் மூலை பால்வெள்ளையாகிவிடும், பார்ப்பவர் பதறிப்போவார்கள். பிறகு காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டை மென்துணியில் தொட்டுச் சிறுசிறு வட்டமாக, சூடேறாமல் நிதானமாகத் தேய்க்கத் தேய்க்கத் தெளிவு திரும்பி வந்தது. மேல்பரப்பின் நடுவில் இருந்த கீறலை மட்டும் அவர் தொடவிடவில்லை. நடுவில் தேய்த்தால் ஒரு பள்ளம் விழும், அதன் வழியே பார்த்தால் தட்டு நெளிந்து தெரியும் என்றார்.

அன்றைக்கு மூடியைக் காப்பாற்றியது பெருமளவுக்குக் கறையின் வகை. இப்போது பெரும்பாலான மரவேலைகளில் பிரெஞ்சு பாலிஷ் இல்லை. என்.சி. லாக்கர், மெலமைன், இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யூ. இவைதான். இவற்றில் என்.சி. மிக மோசம். அதைக் கரைத்திருக்கும் தின்னர் அக்ரிலிக்கில் விழுந்த கணமே பரப்பைக் கடித்துவிடும். காய்ந்தபின் படலத்தை எடுத்தாலும் கடித்த தழும்பு இருக்கும். அது ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் இன்னும் பரவும். ஆகவே அசையாமல் காயவிட்டுப் பிறகு கிளப்பி, தழும்பை மட்டும் வாட்டர் பேப்பரில் தேய்த்து எடுப்பதுதான் உண்டான வழி. பி.யூ. இறுகினால் கரையவே கரையாது. மண்ணெண்ணெயும் மென்மையான பட்டையும் பொறுமையுமே கதி. மெலமைனுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாமாவின் மூடி ஷீட்டில் செய்தது என்று தெரிந்திருந்ததால் மண்ணெண்ணெயை நம்பினார்கள். தொழிற்சாலையில் அச்சில் வார்த்த பிளேயர் மூடிகளில் சில பாலிஸ்டைரீன் வகையைச் சேர்ந்தவை. பார்வைக்கு அக்ரிலிக் போலவே இருக்கும், ஆனால் மண்ணெண்ணெய் பட்டால் பாழாகும். கீல் மாட்டும் உள்விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது.

ஆசாரியின் பட்டறையில் இப்போது அவர் மகன்களும் இருக்கிறார்கள். சமையலறை அலமாரிகளுக்கும் பூஜை மாடங்களுக்கும் அக்ரிலிக் கதவு வைப்பது வழக்கமாகிவிட்டதால் வேலையில் பாதி அதுதான். புது ஷீட்டின் இரு பக்கமும் ஒட்டி வரும் பாதுகாப்புத் தாளை, மரத்துக்கு அடித்த கடைசிக் கோட்டு காய்ந்து கதவு மாட்டி முடியும்வரை அங்கே யாரும் உரிப்பதில்லை. பழைய சாமான் வந்தால் கழற்ற முடிந்ததைக் கழற்றி வேறு அறையில் வைக்கிறார்கள். முடியாததைப் பால் கவர் விரித்து, விளிம்பைப் பெயிண்டர் டேப்பால் ஒட்டி மறைக்கிறார்கள். அந்தத் தாளும் அதிக நாள் வெயிலில் கிடந்தால் பசை கெட்டியாகி விட்டுவராது. அப்போதும் மண்ணெண்ணெய்தான், அது கிடைக்காத நாளில் பெயிண்ட் கடை மினரல் டர்பன்டைன், முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு.